வீட்டுக்கும் ஒரு பேரேடு வேண்டும்!

(மஹல்லா இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை. வாசகர்களுக்காக எழுத்து வடிவில்.)



உங்களில் பெரும்பாலோர் வியாபாரிகள். வியாபாரி அல்லாதவர்கள் நாளை வியாபாரத்துக்கு வரப் போகிற இளைஞர்கள். எனவே கணக்கைப் பற்றி உங்களிடம் பேசுவதற்கு எனக்குக் கூச்சமில்லை. கடையைத் திறந்தால் ரொக்கப் புத்தகம். மூடும்போது கல்லா எண்ணிக்கை. மாதக் கடைசியில் பேரேடு. ஆண்டு முடிவில் ஐந்தொகை. யார் எவ்வளவு பாக்கி, எந்தச் சரக்கு எப்போது வந்தது, போன பெருநாளைக்கு எவ்வளவு விற்றது என்று கேட்டால் உடனே புரட்டிச் சொல்வீர்கள்.

இப்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன். போன கோடையில் உங்கள் வீட்டில் எத்தனை யூனிட் மின்சாரம் ஓடியது? அதற்கு முந்தைய கோடையில் எத்தனை? உங்கள் வீட்டுக் கிணற்றில், அல்லது போரில், சென்ற ஆண்டு இதே மாதத்தில் தண்ணீர் எத்தனை அடியில் இருந்தது? ஒரு நாளைக்கு உங்கள் குடும்பம் எத்தனை லிட்டர் தண்ணீர் செலவழிக்கிறது?

பதில் வராது. "பில் வந்தது, கட்டினோம், தண்ணீர் வந்தது, செலவழித்தோம்" என்பதுதான் பதிலாக இருக்கும். கடையில் பத்து ரூபாய் குறைந்தால் இரவு முழுவதும் கணக்குப் பார்க்கிறவர், வீட்டில் ஆயிரக்கணக்கில் போவதைக் கண்டுகொள்வதில்லை.

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று உங்களுக்குத் தெரியும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்வதைப் பற்றியது. மனிதனின் நினைவை நம்பாமல், எழுத்தை நம்பச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. அந்த ஒழுங்கு கடை வாசலோடு நின்றுவிடலாமா? வீட்டுக்குள்ளும் வர வேண்டாமா? இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒரே ஒரு செய்திதான்: தனியாக ஒரு பில் எதையும் சொல்லாது, பன்னிரண்டு பில்களை வரிசையாக வைத்தால் அவை பேசத் தொடங்கும்.

ரூபாயைப் பார்க்காதீர்கள், யூனிட்டைப் பாருங்கள்

மின்கட்டணம் வந்ததும் நாம் முதலில் பார்ப்பது தொகையை. அதுதான் முதல் தவறு. கட்டணம் அரசு மாற்றினால் மாறும். யூனிட் நாம் செலவழித்தால் மட்டுமே மாறும். ஐந்து ஆண்டுக்கு முன்பு கட்டிய ரூபாயையும் இப்போது கட்டும் ரூபாயையும் ஒப்பிட்டால், வீட்டில் செலவு கூடியதா, விலை கூடியதா என்று பிரித்தறிய முடியாது.

யூனிட் என்றால் என்ன? ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பழைய மாதிரி மின்விசிறி சுமார் 75 வாட். பதின்மூன்று மணி நேரம் சுற்றினால் ஒரு யூனிட். 2,000 வாட் வெந்நீர்க் கருவி அரை மணி நேரம் ஓடினாலே ஒரு யூனிட். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் எது பெரிய செலவு, எது சின்னச் செலவு என்பது விளங்கிவிடும். ஹாலில் எரியும் ஒரு எல்.இ.டி. விளக்குக்காகப் பிள்ளைகளைத் திட்டுகிறோம். குளியலறையில் அணைக்காமல் விட்ட வெந்நீர்க் கருவியை மறந்துவிடுகிறோம்!

நம் தமிழ்நாட்டுக் கட்டண முறையில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. அது ஒரு படிக்கட்டு. மேலே ஏற ஏற யூனிட் விலை கூடும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். பிறகும் கட்டணம் திருத்தப்பட்டிருக்கிறது. விளக்கத்துக்காக இதைச் சொல்கிறேன். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தச் செலவு 500 யூனிட்டுக்குள் அடங்கினால், அடுத்த 100 யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு, அதற்கடுத்த 200 யூனிட்டுக்கு 4 ரூபாய் 50 காசு, கடைசி 100 யூனிட்டுக்கு 6 ரூபாய். சரியாக 500 யூனிட் செலவழித்தவர் கட்ட வேண்டியது 1,725 ரூபாய்.

501 யூனிட் ஆனால்? ஒரே ஒரு யூனிட்தான் கூடுதல். ஆனால் 2 ரூபாய் 25 காசுச் சலுகை போய்விடும். 101 முதல் 400 வரை எல்லாமே 4 ரூபாய் 50 காசாகிவிடும். 501ஆவது யூனிட்டுக்கு 8 ரூபாய். கூட்டிப் பாருங்கள்: 1,958 ரூபாய். ஒரு யூனிட்டுக்காக 233 ரூபாய்! இப்படி ஒரு விளிம்பு இருக்கிறது என்பதை, ஐம்பதாவது நாளிலேயே மீட்டரைப் பார்த்துக் குறித்து வைப்பவர் அறிவார். பில் வந்த பிறகு பார்ப்பவர் புலம்ப மட்டுமே முடியும்.

நாளையும் எழுதுங்கள்

அடுத்து, எத்தனை யூனிட் என்பதோடு எத்தனை நாளைக்கு என்பதையும் எழுத வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

ஒரு வீட்டில் ஒரு நாளைக்குச் சரியாக 8 யூனிட் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அறுபதாவது நாளில் ரீடிங் எடுத்தால் 480 யூனிட். மேலே சொன்ன கட்டணப்படி 1,605 ரூபாய். அதே வீட்டில், அதே எட்டு யூனிட் செலவில், ஆறு நாள் தள்ளி அறுபத்தாறாவது நாளில் ரீடிங் எடுத்தால் 528 யூனிட். அதே படிக்கட்டை அப்படியே போட்டால் 2,174 ரூபாய். வீட்டார் ஒரு விளக்கைக்கூடக் கூடுதலாகப் போடவில்லை. கட்டணம் 569 ரூபாய் கூடிவிட்டது.

ரீடிங் எடுத்த தேதி உங்கள் கையில் இருந்தால்தான் இதைக் கண்டுபிடிக்கவும் முடியும், கேட்கவும் முடியும். ஆகவே யூனிட்டை நாட்களால் வகுத்து, "ஒரு நாளைக்கு இத்தனை" என்று எழுதுங்கள். வீட்டின் நாடித்துடிப்பு அந்த எண்தான். வைத்தியர் நாடி பார்ப்பதுபோல அதைப் பார்த்துப் பழக வேண்டும்.

எதை எதோடு ஒப்பிடுவது?

சிலர் இந்த பில்லைப் போன பில்லோடு ஒப்பிட்டுவிட்டு, "கூடிவிட்டதே!" என்று பதறுவார்கள். மே மாதத்தை மார்ச் மாதத்தோடு ஒப்பிட்டால் கூடத்தான் செய்யும். பெருநாள் விற்பனையைச் சாதாரண மாத விற்பனையோடு எந்த வியாபாரியாவது ஒப்பிடுவாரா? கோடையைக் கோடையோடும், மழைக்காலத்தை மழைக்காலத்தோடும் ஒப்பிட வேண்டும். ஆண்டுக்கு ஆறு ரீடிங். இரண்டு ஆண்டில் பன்னிரண்டு. அவற்றை மேலும் கீழுமாக எழுதினால் படம் தெளிவாகும்.

மூன்று விதமான படங்கள் தெரியும். கோடை மாதங்களில் மட்டும் கூடியிருந்தால், அது வெயிலும் ஏ.சி.யும் மின்விசிறியும் செய்த வேலை. கோடை, மழை, குளிர் என்று எல்லாக் காலத்திலும் ஒரே அளவாகக் கூடியிருந்தால், இருபத்து நான்கு மணி நேரமும் எதுவோ கூடுதலாகக் குடிக்கிறது என்று பொருள். குளிர்சாதனப் பெட்டிக் கதவின் ரப்பர் தளர்ந்திருக்கலாம். எங்கோ கசிவு இருக்கலாம். மோட்டார் முன்னைவிட அதிக நேரம் ஓடலாம். ஒரே ஒரு ரீடிங் மட்டும் திடீரென்று குதித்திருந்தால், வீட்டில் திருமணம் நடந்ததா, விருந்தினர் தங்கினரா என்று யோசியுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் மீட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

நம் வீடுகளுக்கென்று ஒரு தனிக் குறிப்பும் சொல்ல வேண்டும். ரமளான் மாதத்தில் நம் வீடுகளின் பழக்கமே மாறிவிடுகிறது. ஸஹருக்கு எழுகிறோம், தராவீஹ் முடிந்து வந்து நெடுநேரம் விழித்திருக்கிறோம், இஃப்தாருக்கு உறவினர் வருகிறார்கள். ஆனால் சந்திரக் கணக்கு ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். 2016இல் ஜூனில் தொடங்கிய ரமளான், 2025இல் மார்ச்சிலேயே தொடங்கிவிட்டது. எனவே மார்ச்சை மார்ச்சோடு ஒப்பிடும்போது, ஓர் ஆண்டில் அதில் ரமளான் இருக்கும், சில ஆண்டு தள்ளி இருக்காது. குறிப்பேட்டின் கடைசிப் பத்தியில் "ரமளான்" என்று ஒரு சொல் எழுதி வைத்தால் இந்தக் குழப்பம் வராது.

கசிவு இருக்கிறதா என்று அறிய ஓர் எளிய சோதனை. வீட்டிலுள்ள எல்லாச் சுவிட்சையும் அணைத்து, எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு மீட்டரைப் பாருங்கள். இன்றைய மின்னணு மீட்டரில் ஒரு சிறு விளக்கு சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது மீட்டர் முகப்பிலேயே அச்சாகியிருக்கும். எல்லாம் அணைந்த பிறகும் அது சிமிட்டிக்கொண்டே இருந்தால், உங்கள் காசு எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. நீங்களே வயரில் கை வைக்காமல் உடனே நல்ல மின்பணியாளரை அழையுங்கள். மின்கசிவு காசை மட்டுமல்ல, உயிரையும் வாங்கும்.

மீட்டர் இல்லாத தண்ணீருக்கு என்ன கணக்கு?

மின்சாரத்துக்காவது மீட்டர் இருக்கிறது. தண்ணீருக்கு? நம் ஊர்களில் பெரும்பாலான வீடுகளில் தண்ணீர் மீட்டர் கிடையாது. நகராட்சிக் குழாய், வீட்டுப் போர், லாரித் தண்ணீர், கேன் தண்ணீர் என்று நான்கு வழிகளில் வருகிறது. யாருக்கும் மொத்தம் தெரிவதில்லை.

ஆனால் ஒவ்வொரு வீட்டின் மாடியிலும் ஒரு மீட்டர் உட்கார்ந்திருக்கிறது. அதுதான் மேல்நிலைத் தொட்டி! தொட்டி 1,000 லிட்டர் என்றால், நாளைக்கு எத்தனை முறை நிரப்புகிறீர்கள் என்று எழுதினால் போதும். ஆறு பேர் உள்ள வீட்டில் நாளைக்கு ஒரு தொட்டி என்றால் ஆளுக்குச் சுமார் 167 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் குடிநீர்க் கையேடு சொல்லும் அளவு. நீங்கள் அதற்கு மேலா, கீழா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சொட்டுகிற குழாயின் அடியில் ஒரு குவளையை ஒரு மணி நேரம் வைத்து, விழுந்ததை அளந்து இருபத்து நான்கால் பெருக்குங்கள். பிறகு அந்தக் குழாயை மாற்றச் சொல்லி யாரும் உங்களை வற்புறுத்த வேண்டியிருக்காது.

தொட்டி எத்தனை முறை என்பதோடு, எத்தனை நிமிடத்தில் நிரம்பியது என்பதையும் எழுதுங்கள். இங்கேதான் மின்சாரக் கணக்கும் தண்ணீர்க் கணக்கும் கைகுலுக்குகின்றன. ஒரு ஹெச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் ஒரு யூனிட் இழுக்கும். 25 நிமிடத்தில் நிரம்பிய தொட்டி, சில ஆண்டு கழித்து 40 நிமிடம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு தொட்டி என்றால், இரண்டு மாதத்துக்கு 25 யூனிட்டாக இருந்தது 40 யூனிட் ஆகிவிட்டது. பதினைந்து யூனிட் கூடுதல். ஒரு குடம் தண்ணீர்கூடக் கூடுதல் இல்லை. மோட்டார் தேய்ந்திருக்க வேண்டும், அல்லது நிலத்தடி நீர் கீழே இறங்கியிருக்க வேண்டும். மோட்டாரைப் பழுது பார்த்தும் நேரம் குறையவில்லையென்றால், நீர் இறங்குகிறது என்று உங்கள் குறிப்பேடு உங்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கிறது. போர் வற்றி, காற்று வந்த பிறகு நள்ளிரவில் லாரிக்கு ஃபோன் போடுகிறவருக்கு அந்த எச்சரிக்கை கிடைத்திருக்காது.

திறந்த கிணறு உள்ளவர்களுக்கு வேலை இன்னும் எளிது. ஒரு கயிற்றில் எடையைக் கட்டி இறக்கி, விளிம்பிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி என்று அளந்து எழுதுங்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது: ஜனவரியில், கோடையில், ஆகஸ்டில், நவம்பரில். நாமும் அதே நான்கு முறை அளந்தால் போதும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் மேலே வரும் நீர், கோடையில் கீழே போகும். அது இயல்பு. கோடைக்குக் கோடை கீழே போனால்தான் கவலைப்பட வேண்டும்.

நினைவு ஏன் போதாது?

"இதெல்லாம் எழுதித்தான் தெரிய வேண்டுமா? எங்கள் ஊர் நிலைமை எங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்கலாம். சென்னையை நினைத்துப் பாருங்கள். 2015 டிசம்பரில் வெள்ளம். வீட்டுக்குள் படகு வந்தது. நான்கே ஆண்டில், 2019 கோடையில் ஏரிகள் வறண்டன; அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. வெள்ளத்தைக் கண்டவர்கள் வறட்சியை மறந்தார்கள். வறட்சியைக் கண்டவர்கள் வெள்ளத்தை மறந்தார்கள். மனித நினைவு கடைசியாகப் பார்த்ததை மட்டுமே பிடித்துக்கொள்ளும்.

நம் முன்னோர்கள் இதை அறிந்திருந்தார்கள். எகிப்தில் கெய்ரோ நகரில், நைல் நதியின் ரவ்ளா தீவில், கி.பி. 861இல் அப்பாஸிய கலீஃபா முதவக்கில் ஆட்சியில் கட்டப்பட்ட நீர்மானி ஒன்று இன்றும் நிற்கிறது. கிணறு போன்ற ஆழமான குழி. நடுவில் முழக்கணக்குப் பொறித்த எண்கோணத் தூண். நைல் எத்தனை முழம் ஏறியது என்று ஆண்டுதோறும் பார்த்தார்கள். பதினாறு முழம் ஏறினால் விளைச்சல் போதும், வரி வாங்கலாம். அதற்குக் கீழே நின்றால் பஞ்சம் வரலாம். அளவு குறைந்த ஆண்டில் குடியானவனிடம் எப்படி வரி கேட்பது? ஆக, அந்தத் தூண் ஆட்சியாளருக்கும் மக்களுக்கும் நடுவே நின்ற சாட்சி!

கி.பி. ஏழாம் நூற்றாண்டு தொட்டுப் பல நூறு ஆண்டுகளின் நைல் அளவுகளை வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் எகிப்தில் பணியாற்றிய ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேய நீரியல் அறிஞர், அணையில் எவ்வளவு நீர் தேக்க வேண்டும் என்று கணக்கிட அந்தப் பழைய அளவுகளை எடுத்து ஆராய்ந்தார். 1951இல் தம் ஆய்வை வெளியிட்டார். அவர் கண்டது என்ன? வளமான ஆண்டுகள் கூட்டமாக வருகின்றன. வறண்ட ஆண்டுகளும் கூட்டமாக வருகின்றன. பத்து ஆண்டுக் கணக்கைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது என்பது அதன் பாடம். கெய்ரோவில் ஒரு எழுத்தர் தன் கடமையாக எழுதிய எண், ஆயிரம் ஆண்டு கழித்து ஒரு பொறியாளருக்குப் பயன்பட்டது. நீங்கள் எழுதுவது உங்கள் பேரனுக்காவது பயன்படாதா?

கடலோர ஊர்ச் சகோதரர்களுக்கு

நம் சமுதாய மக்கள் கணிசமாக வாழ்வது கடற்கரை ஊர்களில். அவர்கள் இதைக் கூர்ந்து கேட்க வேண்டும். கடலோரத்தில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேலே மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல நீர் ஓரடி நின்றால், கீழே சுமார் நாற்பது அடி வரை உப்பை அது அழுத்தி வைத்திருக்கும் என்பது நீரியலில் பழைய கணக்கு. மேலே ஓரடி நீரை இறைத்துவிட்டால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறி வரப் பார்க்கும்.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. பல்லாண்டுகள் கிணறுகளில் தொடர்ந்து எடுத்த அளவுகள்தான் அதைக் காட்டிக்கொடுத்தன. நாக்குக்குத் தெரிவதற்குள் காலம் கடந்துவிடும். உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இப்போது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. தெருவுக்கு ஒரு கருவி போதும். நான்கு மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு வீட்டுத் தண்ணீரையும் அளந்து எழுதுங்கள். எண் ஏறிக்கொண்டே போனால், தெருவே கூடி இறைப்பதைக் குறைக்கவும், மழைநீரை மண்ணுக்குள் அனுப்பவும் முடிவெடுக்கலாம்.

மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் 2003இல் கட்டாயமாக்கினார்கள். அப்போது வைத்த குழாய் இன்று வேலை செய்கிறதா? ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு செண்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் தண்ணீர். ஏறத்தாழ ஒரு தொட்டி! அது கிணற்றுக்குப் போகிறதா, சாக்கடைக்குப் போகிறதா என்பதை மழைக்கு முன்னும் பின்னும் நீர்மட்டத்தை எழுதி வைத்தவரே அறிவார்.

எழுதி வைத்தவருக்கே வாய் உண்டு

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். கணவர் வளைகுடாவில் இருக்கிறார், அல்லது மவுத்தாகிவிட்டார். உம்மாவும் பிள்ளைகளும் மட்டும். வழக்கமாக ஆயிரத்துக்குள் வரும் கட்டணம், ஒரு முறை எட்டாயிரம் என்று வருகிறது. அந்தத் தாய் என்ன செய்வார்? வெறுங்கையோடு அலுவலகம் போய், "நாங்கள் இவ்வளவு செலவழிக்கவில்லை சார்" என்பார். "மீட்டர் காட்டுகிறதே அம்மா!" என்பது பதிலாக வரும். வளையலை அடகு வைத்துக் கட்டிவிட்டு வருவார்.

அவர் கையில் மூன்று ஆண்டுக் குறிப்பேடு இருந்தால்? தேதி, ரீடிங், நாள் சராசரி, எல்லாம் வரிசையாக இருந்தால்? "நாளைக்கு நான்கு யூனிட் ஓடிய வீட்டில் இந்த முறை மட்டும் பல மடங்கு என்றால் எப்படி?" என்று அவர் கேட்கலாம். எந்த அதிகாரியும் அந்தக் கேள்வியை எளிதில் ஒதுக்க முடியாது.

சட்டமும் அவருக்குத் துணை நிற்கிறது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் தகராறு இருந்தால், கேட்ட தொகையை, அல்லது முந்தைய ஆறு மாதங்களில் கட்டிய சராசரிப்படியான தொகையை, இரண்டில் எது குறைவோ அதை, ஆட்சேபத்துடன் செலுத்தலாம். அப்படிச் செலுத்தினால் தகராறு தீரும்வரை அந்தத் தொகைக்காக இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. மீட்டரைச் சோதிக்கவும் எழுதிக் கேட்கலாம். அங்கே தீராவிட்டால் அதே சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது. அதற்கு மேல் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். ஆனால் ஆறு மாதச் சராசரி என்னவென்று தெரியாதவர் இந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துவார்? உரிமை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அதைத் திறக்கும் சாவி உங்கள் குறிப்பேட்டில் இருக்கிறது.

அதே நேரத்தில், நம் பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும். வீட்டு இணைப்பிலிருந்து கடைக்கு ஒயர் இழுத்து ஓட்டுவது சிலருக்குச் சாமர்த்தியமாகத் தெரிகிறது. அதே சட்டத்தின் 126ஆம் பிரிவு அதை அனுமதியற்ற பயன்பாடு என்கிறது. உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு விதிக்கலாம். சட்டம் பிடிக்காவிட்டாலும் அது ஹலாலாகிவிடுமா?

வாடகைக்கு வீடு விடும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. அளவையில் மோசம் செய்பவர்களைக் கண்டிப்பதற்கென்றே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம் தொடங்குகிறது. தராசு மட்டும்தான் அளவையா? குடியிருப்பவருக்கு வைத்த துணை மீட்டரும் அளவைதான். மாதம் ஒரு முறை அவரையும் அழைத்து, இருவருமாக ரீடிங்கைப் பார்த்து, இரண்டு குறிப்பேட்டிலும் எழுதுங்கள். யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குகிறீர்கள், நீங்கள் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று காட்டுங்கள். சண்டை வராது, பழியும் வராது.

பள்ளிவாசலில் தொடங்குவோம்

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' தண்ணீரில் ஒளூச் செய்தார்கள் என்று ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. அது முக்கால் லிட்டரா, ஒரு லிட்டரா என்பதில் மத்ஹபுகளின் கணக்கு சற்று வேறுபடும்; அதற்கு மேல் போகாது. நம் பள்ளிவாசல் குழாயில் ஒருவர் ஒளூச் செய்யும்போது எவ்வளவு போகிறது? இந்த வாரமே ஒரு வாளியைக் குழாயடியில் வைத்து அளந்து பாருங்கள். விடையை நான் சொல்ல மாட்டேன். நீங்களே எண்ணைக் கண்டால்தான் மனதில் தைக்கும்.

முத்தவல்லிகளுக்கும் நிர்வாகிகளுக்கும் என் வேண்டுகோள்: ஜமாஅத் ஆண்டுக் கணக்கை வாசிக்கும்போது மின்கட்டணம் இத்தனை ரூபாய் என்று மட்டும் வாசிக்காதீர்கள். இத்தனை யூனிட், சென்ற ஆண்டு இத்தனை. போர் நீர்மட்டம் இத்தனை அடி, சென்ற ஆண்டு இத்தனை என்றும் வாசியுங்கள். பள்ளிவாசலில் எழுதத் தொடங்கினால் மஹல்லா முழுவதும் எழுதத் தொடங்கும்.

இளைஞர்களே! இனி வேலை உங்களுடையது. ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒரு பக்கத்தில் மின்சாரம்: தேதி, ரீடிங், யூனிட், நாட்கள், நாள் சராசரி, குறிப்பு. எதிர்ப் பக்கத்தில் தண்ணீர்: தேதி, தொட்டி எத்தனை, நிமிடம் எத்தனை, நீர்மட்டம், லாரியும் கேனும் எத்தனை, குறிப்பு. மீட்டரில் பல எண்கள் மாறி மாறி ஓடும், கே.டபிள்யூ.ஹெச். என்று காட்டும் எண்ணை மட்டும் எழுதுங்கள். பழைய வெள்ளை அட்டை வீட்டில் எங்காவது கிடந்தால் தேடி எடுங்கள். அதில் பல ஆண்டு வரலாறு இருக்கும். ரசீதுகள் மங்கிப் போகும், எழுதினால் நிற்கும்.

ஓர் எச்சரிக்கை. இந்த நோட்டு வீட்டாரைக் குற்றம் சாட்டும் குற்றப்பத்திரிகை அல்ல. "நீ ஏன் இவ்வளவு செலவழித்தாய்?" என்று மனைவியிடமோ லாத்தாவிடமோ சண்டைக்குப் போவதற்காக எழுதாதீர்கள். சமையலறையும் மோட்டார் சுவிட்சும் யார் கையில் இருக்கிறதோ, அவர்கள் கையிலேயே பேனாவைக் கொடுங்கள். வீட்டில் எது எப்போது ஓடுகிறது என்று அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். வெயிலில் வாடும் முதியவருக்கு மின்விசிறியை அணைப்பது சிக்கனம் ஆகாது, அது கொடுமை. தேவைக்குச் செலவழிப்பதை யாரும் தடுக்கவில்லை. தேவையில்லாமல் போவதைக் கண்டுபிடிக்கத்தான் கணக்கு.

பத்துப் பேர் கொண்ட ஒரு குழு அமைத்துக்கொள்ளுங்கள். ஆண் துணை இல்லாத வீடுகள், முதியோர் மட்டும் உள்ள வீடுகள், படிப்பறிவில்லாத வீடுகள் என்று உங்கள் தெருவில் எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள். ரீடிங் எடுக்கும் நாளில் அந்த வீட்டுக்குப் போய், சலாம் சொல்லி, எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். சாதி, மதம் பார்க்காமல் பக்கத்து வீட்டுக்கும் எழுதிக் கொடுங்கள். நிலத்தடி நீருக்கு மதிற்சுவர் கிடையாது.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் மீட்டரைப் பாருங்கள். தேதி போட்டு எண்ணை எழுதுங்கள். முதல் எண் ஒன்றும் சொல்லாது. இரண்டாவது எண் வரும்போது அது வாய் திறக்கும். இரண்டு ஆண்டில் உங்கள் வீட்டைப் பற்றி உங்களுக்கே தெரியாத செய்திகளைச் சொல்லும். எழுதி வைப்போம், அளந்து வாழ்வோம், வரும் தலைமுறைக்குத் தண்ணீரையும் வைத்துவிட்டுப் போவோம்.